பாலில் எவ்வளவு ரப்பர்? ஊழியத்தின் உள்நோக்கத்தை ஆராய்வது பற்றி ஓர் அறிமுகம்

ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்குப் புதிய ஆசிரியர்களைச் சேர்ப்பது வழக்கம். மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயாவில், ஒரு கடைவீட்டின் மாடியில் கூடும் சிறிய தமிழ்ச் சபை எங்களுடையது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைத்தான் எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பெயர் கொடுக்க வரும் இளைஞர்களிடம், "ஏன் இதைச் செய்ய விரும்புகிறீர்கள், தம்பி?" என்று நான் கேட்பதுண்டு. "ஆண்டவருக்காகத்தான், அங்கிள்" என்பதே பெரும்பாலும் வரும் பதில். அந்தப் பதிலை நான் சந்தேகிப்பதில்லை. ஆனால் அது பதிலின் ஒரு பகுதி மட்டுமே என்பதையும், மீதியை அறிய ஒருவர் தம் உள்ளத்தை எப்படி ஆராய வேண்டும் என்பதையும் விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுவதில்லை. அவர்களிடம் சொல்வதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். புதிய ஏற்பாட்டில் ஊழியம் என்று நாம் வாசிக்கும் இடங்கள் பலவற்றில் கிரேக்க மூலத்தில் நிற்பது 'டியாகோனியா' என்ற சொல். பந்தியில் பரிமாறுவது போன்ற பணிவிடையைக் குறிக்கப் பயன்பட்ட சொல் அது. தமிழிலும் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய திருவிதாங்கூரில் அரசுக்கும் கோயிலுக்கும் ஏழை மக்கள் கூலியின்றிச் செய்தே ஆகவேண்டியிருந்த வேலைக்கு ஊழியம் என்றுதான் பெயர். எந்த மொழியின் வழியாக வந்து பார்த்தாலும் இந்தச் சொல்லுக்குள் மேடையும் மாலையும் இல்லை. சீஷன் என்பதற்கு மூலத்தில் உள்ள 'மத்தேதேஸ்' என்பது கற்றுக்கொள்பவனைக் குறிக்கும். இனி உள்நோக்கம். நாம் போய்ச் சேர விரும்பும் இடம் ஒன்று. அந்த இடத்தை நோக்கி நம்மைப் பின்னாலிருந்து தள்ளுவது வேறொன்று. அந்தத் தள்ளுவிசையையே இங்கே உள்நோக்கம் என்று சொல்கிறேன். இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே நோயாளியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகலாம். ஒருவரைத் தள்ளியது பரிவாகவும், மற்றவரைத் தள்ளியது போகாவிட்டால் சபையார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமாகவும் இருக்கலாம். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊருக்குப் பழக்கமான ஓர் உதாரணம் போதும் என்று நினைக்கிறேன். 1917ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டமாகப் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. இன்று சாலையின் இருபுறமும் செம்பனையே தெரிவதால், பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, அருகில் நின்று பார்த்திராத பிள்ளைகள் எங்கள் ஞாயிறு பள்ளியில் பலர். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய், தமக்கு விடப்பட்ட நிரையில் மரம் மரமாக வெட்டி, மங்கு என்ற கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துப் பால் கொட்டகைக்குக் கொண்டுபோவார். அங்கே நிறுப்பதோடு வேலை முடிந்துவிடாது. மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்குவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது என்பதால், பாலில் ரப்பர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆழமாக அந்தக் கருவி அமிழும். பாலின் எடை வேறு, அதற்குள் இருக்கும் ரப்பர் வேறு. கண்ணுக்கு எல்லாப் பாலும் ஒரே வெண்மைதான்.

இந்த உதாரணத்தில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. மரத்திலிருந்து அப்போதுதான் வடிந்த பாலிலும் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரே இல்லாத பாலை எந்த மரமும் கொடுப்பதில்லை. ஆகவே பாலில் தண்ணீர் இருப்பது குற்றமில்லை. மரத்திலேயே இருந்த தண்ணீர், வெட்டிய பிறகு மழையாய் மங்கில் விழுந்த தண்ணீர், எடை கூட வேண்டும் என்று ஒருவர் தம் கையால் ஊற்றிய தண்ணீர் ஆகியவை ஒன்றல்ல என்பதை அறிவதில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

மரத்திலேயே இருக்கும் தண்ணீருக்கு யாக்கோபும் யோவானும் எடுத்துக்காட்டு. செபெதேயுவின் குமாரராகிய இந்த இருவரும், இயேசு தம் மகிமையில் அமரும்போது ஒருவன் வலதுபக்கத்திலும் ஒருவன் இடதுபக்கத்திலும் உட்கார வேண்டும் என்று கேட்டதை மாற்கு 10ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் அப்போது வலைகளையும் தகப்பனையும் விட்டுவிட்டு மெய்யாகவே பின்பற்றி வந்தவர்கள். அந்தப் பின்பற்றுதல் பொய்யாக இருக்கவில்லை, ஆனால் அதற்குள் இடம் பிடிக்கும் ஆசையும் கரைந்திருந்தது. மற்றப் பத்துப்பேரும் அவர்கள்மேல் எரிச்சலானார்கள் என்று அடுத்து வருவதை வாசிக்கும்போது, அதே ஆசை அந்தப் பத்துப்பேருக்குள்ளும் இருந்தது என்று ஊகிக்கத் தோன்றுகிறது. இயேசு இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. நீங்கள் கேட்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியாது என்றார், பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக வேண்டும் என்று கற்பித்தார், தம்மோடே வைத்துக்கொண்டார். அந்த யாக்கோபு பிற்பாடு ஏரோதின் பட்டயத்தால் கொல்லப்பட்டதை அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கலப்பான உள்ளத்தோடு தொடங்கிய ஒருவர் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு உண்மையுள்ளவராக முடியும் என்பதால், "என் உள்நோக்கம் முழுவதும் தூய்மையான பிறகுதான் ஊழியத்துக்கு வருவேன்" என்று ஒதுங்கி நிற்கும் இளைஞரிடம் நான் முதலில் சொல்வது இந்த வரலாற்றைத்தான்.

கையால் ஊற்றிய தண்ணீரைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. சமாரியாவில் மாயவித்தை செய்துவந்த சீமோன், தன் கைகளை வைப்பதால் பிறர் பரிசுத்த ஆவியைப் பெறும் அதிகாரத்தைப் பணம் கொடுத்து வாங்க முயன்றான். அவன் பெயராலேயே சபைப் பதவிகளை விலைக்கு வாங்கும் குற்றம் மேற்கத்திய மொழிகளில் அழைக்கப்படுகிறது. 451ஆம் ஆண்டில் கூடிய கல்செதோன் பேரவை பணத்துக்காகக் குருப்பட்டம் கொடுப்பதைத் தடைசெய்து விதியே எழுத வேண்டியிருந்தது.

மழைத்தண்ணீரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீண்டகாலம் ஊழியம் செய்கிறவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் இதுவே என்பது என் எண்ணம். சவுல் ராஜாவின் கதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவனை ராஜாவாகத் தெரிந்துகொண்ட நாளில் அவன் தளவாடங்கள் இருந்த இடத்தில் ஒளிந்துகொண்டிருந்தான். தேடிப் பிடித்து அழைத்துவர வேண்டியிருந்தது. அதே மனிதன் சில அதிகாரங்கள் கடந்ததும் கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். பாவம் செய்தேன் என்று சாமுவேலிடம் ஒப்புக்கொள்ளும் நேரத்திலும், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். பிறகு சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று பெண்கள் பாடியதைக் கேட்டதிலிருந்து தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்க்கத் தொடங்குகிறான். அவன் வஞ்சகத்தோடு பதவிக்கு வந்தவன் என்று வேதாகமத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. மங்கு திறந்திருந்தது, புகழும் பதவியும் துளித்துளியாக விழுந்தன, அவன் ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. தொடங்கியபோது தூய்மையாக இருந்தோம் என்ற நினைவு இன்றைய நிலைக்குச் சான்றாகாது.

அப்படியானால் உள்ளத்தில் எந்த மெட்ரோலக்கை இறக்கிப் பார்ப்பது? எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது என்று எரேமியா 17ஆம் அதிகாரம் எச்சரிப்பதால், "என் நோக்கம் நல்லதா?" என்று இருதயத்தையே நேரடியாகக் கேட்டால் அது தனக்குச் சாதகமாகவே பேசும். எனக்கு உதவியாக இருந்தது வேறொரு வழி: எந்த இடத்தில் எனக்கு வலிக்கிறது என்று பார்ப்பது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு சபையில் கேரல் குழுவை நடத்தும் பொறுப்பு எனக்கு இருந்தது. டிசம்பர் மாதம் முழுவதும் வேலை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், பழைய லயத்து வீடுகளில் எஞ்சியிருந்த குடும்பங்களையும் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தவர்களையும் பார்த்துப் பாடல் சொல்லிக்கொடுத்தேன். ஆராதனையின் முடிவில் நன்றி கூறும்போது, சமையலுக்கு உதவியவர்கள் உட்பட அனைவருடைய பெயரும் வாசிக்கப்பட்டது. என் பெயர் விடுபட்டுப்போயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறு ஞாயிறு வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். அந்தப் பிள்ளைகள் பாடியதோ, பிறந்த மீட்பரின் செய்தியை ஒரு பாட்டியம்மா கேட்டு அழுததோ அந்த வாரத்தில் ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. இயேசுவுக்காகவே செய்தேன் என்று நான் மனதார நம்பிய ஒரு வேலையில் என் பெயருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதை அந்த வலிதான் எனக்குக் காட்டியது. பெயரை விட்டவர்மேல் எனக்கிருந்த கோபம் நியாயமா என்ற கேள்வி வேறு. நன்றி சொல்லாமல் விடுவது தவறுதான். ஆனால் அந்தத் தவறு இவ்வளவு ஆழமாக ஏன் இறங்கியது என்ற கேள்விக்கு நான்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

இதற்கு எதிர்முனையில் யோவான்ஸ்நானன் நிற்கிறார். எல்லாரும் இயேசுவிடம் போகிறார்கள் என்று அவருடைய சீஷர்களே வந்து முறையிட்டபோது, அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும் என்றார். இதைப் பொதுவான தாழ்மையைப் பற்றிய அழகான வாக்கியமாக வாசிப்பது எளிது. தம்முடைய கூட்டம் கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்த நாளில் அவர் இதைச் சொன்னார் என்பதை மறக்கக்கூடாது. நீங்கள் பாடம் நடத்தும் வகுப்புக்கு உங்களைவிடத் திறமையான ஒருவர் வந்து, பிள்ளைகள் அவரிடம் ஓடும்போது, பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தார் என்ற மகிழ்ச்சி உங்களுக்குள் ஒரு துளியாவது எழுகிறதா என்று பாருங்கள். அந்தத் துளிதான் ரப்பர்.

ஒருவரும் பார்க்காத வேலையும் நல்ல அளவுகோலே. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் மனுஷர் காணச் செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று இயேசு சொல்கிறார். அங்கே உள்ள கிரேக்க வினைச்சொல், பணம் முழுவதும் பெற்றுக்கொண்டதாக அக்காலத்தில் எழுதிக்கொடுத்த ரசீதுகளில் வரும் சொல். சம்பள நாளில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கியவன் மறுநாள் அதே கூலியைக் கேட்டுத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் போக முடியாது அல்லவா? புகழுக்காகச் செய்த ஊழியத்துக்குப் புகழாகவே கணக்குத் தீர்க்கப்பட்டுவிடுகிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முழுநேர ஊழியர் காணிக்கையால் வாழ்வதே தவறு என்று சிலர் எண்ணுகிறார்கள். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று 1 கொரிந்தியர் 9 தெளிவாகச் சொல்வதால் அந்த எண்ணத்துக்கு இடமில்லை. அதேநேரம், தமக்கு அந்த உரிமை இருந்தும் பவுல் கூடாரம் பண்ணிப் பிழைத்தார். ஊர் ஊராக வரும் ஊழியரைச் சோதிக்க ஆதிச்சபை வழிமுறை வகுத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. டிடாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், வந்தவர் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. வழிப்பயணத்துக்கு அப்பம் கொடுத்தனுப்பலாம் என்றும் அதே இடத்தில் சொல்கிறது.

இதுவரை ஊழியத்தைப் பற்றிப் பேசினேன். சீஷத்துவத்துக்கும் இதே ஆராய்ச்சி பொருந்தும், ஏனெனில் ஊழியராகுமுன் எவரும் பின்பற்றுகிறவரே. யோவான் சுவிசேஷத்தில் இயேசு பேசும் முதல் வார்த்தையே ஒரு கேள்வி: "என்ன தேடுகிறீர்கள்?" தம்மைப் பின்தொடர்ந்து வந்த இருவரைத் திரும்பிப் பார்த்து அவர் அதைக் கேட்டார். 6ஆம் அதிகாரத்தில், அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள் என்று ஒரு கூட்டத்தாரிடம் சொல்கிறார். 20ஆம் அதிகாரத்தில், கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மகதலேனா மரியாளிடம் அந்தக் கேள்வி "யாரைத் தேடுகிறாய்?" என்று மாறி வருகிறது. என்ன என்பதிலிருந்து யாரை என்பதற்கு நகர்வதே சீஷத்துவத்தின் பாதை என்று நான் வாசிக்கிறேன்.

எங்கள் ஊரைப் போன்ற தோட்டப்புற ஊர்களில் இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். நோய் தீர ஜெபிக்க வந்தவர்கள், குடிப்பழக்கத்தில் சிக்கிய கணவருக்காக வந்தவர்கள், பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டு வந்தவர்கள், தோட்டத்தை விட்டு வெளியேறியபின் தெரிந்த முகங்களைத் தேடி வந்தவர்கள் எங்கள் சபையில் ஏராளம். அப்பத்துக்காக வந்தீர்கள் என்று இவர்களை இகழ்வது கொடுமை. இயேசு ஐயாயிரம் பேருக்குப் பந்தி வைத்தபோது ஒருவரிடமும் உள்நோக்கத்தைக் கேட்கவில்லை. முதலில் உணவைக் கொடுத்தார், கேள்வியை மறுநாள் கேட்டார். அந்த வரிசையை நாம் மாற்றக்கூடாது. தேவையோடு வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர்களை வீட்டுக்குள் அழைத்துப்போவது வாசலைக் காட்டித் திட்டுவதால் நடக்காது.

இங்கே பெரும்பாலும் ஒரு கேள்வி எழும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரின் உள்நோக்கம் கெட்டது என்று பின்னால் தெரியவந்தால், என் ஞானஸ்நானம் செல்லாதா? ஒரு சகோதரி கண்ணீரோடு என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கச் சபை இதே கேள்வியால் பிளந்துபோனது. 303ஆம் ஆண்டில் தொடங்கிய உபத்திரவத்தில் அஞ்சி வேதப் பிரதிகளை ஒப்படைத்த ஆயர்கள் செய்த திருச்சடங்குகள் செல்லாது என்றார்கள் தொனாத்து கட்சியினர். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே, ஆகவே பணியாளரின் குறையால் அது கெடாது என்று பிற்பாடு அகுஸ்தீன் அவர்களுக்குப் பதில் எழுதினார். பவுலும் பிலிப்பியர் 1ஆம் அதிகாரத்தில், சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள் என்று அறிந்தே, எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்று சந்தோஷப்பட்டார். ஆனால் 1 தெசலோனிக்கேயர் 2ஆம் அதிகாரத்தில் தம் சொந்த ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது, நாங்கள் இச்சகமான வசனங்களைச் சொல்லவில்லை, மனுஷரால் வரும் மகிமையைத் தேடவில்லை என்று தேவனையே சாட்சியாக வைக்கிறார். பிறருடைய நோக்கத்தில் தாராளம், தம்முடைய நோக்கத்தில் கண்டிப்பு. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதுதான் துயரம்.

ஆராய்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. எந்நேரமும் தன் உள்ளத்தையே தோண்டிக்கொண்டிருப்பவர் ஊழியத்தையும் மறந்து, ஆண்டவரையும் மறந்து, தம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். மார்ட்டின் லூத்தர் எர்ஃபுர்ட் மடத்தில் துறவியாக இருந்தபோது, ஒரு பாவமும் விடுபடக்கூடாது என்று மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி காணவில்லை. எனக்கு இதில் பெரிய ஆறுதல் 1 கொரிந்தியர் 4ஆம் அதிகாரம். நானே என்னைத் தீர்ப்பு செய்கிறதில்லை, கர்த்தரே என்னைத் தீர்ப்பு செய்கிறவர், இருதயங்களின் யோசனைகளை வெளிப்படுத்துகிறவர் அவரே என்கிறார் பவுல். பால் வெட்டியவரே மெட்ரோலக்கை இறக்கிக் கணக்கு எழுதுவதில்லை. கொட்டகைக்குக் கொண்டுபோய் வைப்பதோடு அவர் பொறுப்பு முடிகிறது. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139ஆம் சங்கீதத்தின் ஜெபமும் அவ்வாறு கொண்டுபோய் வைப்பதுதான்.

நடைமுறையில் எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். இரவில் படுக்குமுன் சில நிமிடங்கள் அமர்ந்து, அன்று செய்த ஊழியத்தில் எது மகிழ்ச்சி தந்தது, எது எரிச்சல் தந்தது என்று ஆண்டவர் முன்னிலையில் நினைத்துப் பாருங்கள். இப்படி நாளைத் திரும்பிப் பார்த்து ஜெபிப்பதை 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் தம் இயேசு சபைத் துறவிகளுக்கு அன்றாட ஒழுங்காகவே வைத்தார். கண்டதை மாதம் ஒருமுறையாவது ஒரு முதிர்ந்த விசுவாசியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஊழியத்தால் எந்த ஆதாயமும் இல்லாதவராக, உங்கள் பேச்சில் மயங்காதவராக அவர் இருக்க வேண்டும். கலப்பு தெரிந்தால் வேலையை விட்டுவிட வேண்டாம்; வகுப்பை எடுங்கள், பாத்திரத்தைக் கழுவுங்கள், நோயாளியைப் போய்ப் பாருங்கள், ஆனால் சில வாரங்களுக்கு மேடையிலிருந்தும் நேரலையிலிருந்தும் உங்கள் முகத்தை விலக்கிப் பாருங்கள். அப்போதும் அந்த வேலையின்மேல் பசி இருந்தால் நன்றி சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள்.

புதிய ஆசிரியர்களுடன் வேதபாடத்தை முடிக்கும்போது நான் எப்போதும் யோவான் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வேன். மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம், நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் தம் ஆடுகளை ஒப்படைக்கிறார் இயேசு. திறமை உண்டா, தைரியம் உண்டா, இனி மறுதலிக்கமாட்டாயா என்று அவர் கேட்கவில்லை. பேதுருவும், நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர் என்று சொல்லித் தன் உள்ளத்தை அளக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுகிறான். அதற்குப்பின் சில வசனங்களுக்குள், பின்னால் வரும் இன்னொரு சீஷனைத் திரும்பிப் பார்த்து, ஆண்டவரே, இவன் காரியம் என்ன என்று கேட்கிறான். உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு, அந்தக் கடற்கரையிலிருந்து அவன் நடக்கத் தொடங்குகிறான்.